நாளைக்கும் வருகிறவர்களின் கடை: கிருஷ்ணகிரியில் நல்ல காபியைத் தேடிக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது. வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் சாலைதான். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், சென்னையிலிருந்து பெங்களூருவுக்குப் போகும் 48ஆம் எண் சாலையும் இங்கே சந்திக்கின்றன. திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகும் 77ஆம் எண் சாலை இங்கிருந்துதான் கிளம்புகிறது. பெங்களூரு போய்வருகிற தமிழர்களில் பெரும்பாலோர் இந்த ஊரைக் கடந்திருப்பார்கள். ஊருக்குள் இறங்கியிருக்க மாட்டார்கள். கிருஷ்ணகிரியில் காபி எப்படி என்று அவர்களைக் கேட்டால், நெடுஞ்சாலை ஓரத்தில் பித்தளை டபராவில் குடித்த காபியைப் பற்றிச் சொல்வார்கள்.

அந்த ஒரு டம்ளரை வைத்து ஊரை எடைபோடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக இந்த ஊரின் தெருக்களில் காபிக்காக நடந்திருக்கிறேன். கொதித்துக் கசந்த டிகாஷனையும் குடித்திருக்கிறேன். பெயர்ப்பலகைகூட இல்லாத கடையில், இதற்காகவே இந்த ஊரில் குடியிருக்கலாம் என்று தோன்றவைத்த காபியையும் குடித்திருக்கிறேன்.

ஊரும் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்திருக்கிறது. வேலைக்காகவும் படிப்புக்காகவும் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று, 'இங்கே நல்ல காபி எங்கே கிடைக்கும்?' என்பது. அதற்குக் கடைகளின் பட்டியலைப் பதிலாகத் தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வளர்கிற ஊரில் கடைகள் திறக்கும், மூடும், மாஸ்டர் மாறுவார், வாடகை ஏறினால் இடம் மாறும். தேடும் முறையைத் தெரிந்துகொண்டால் எந்த ஆண்டு வந்தாலும் நல்ல கடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். தருமபுரிக்கும் ஓசூருக்கும் இதே முறை பொருந்தும்.

முதல் படி: எந்த வகைக் கடை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

காபி கிடைக்கும் இடங்கள் இங்கே நான்கு வகை. டிபன் ஹோட்டல் முதல் வகை. இட்லி, பொங்கலுக்குப் பிறகு கொடுக்கும் ஃபில்டர் காபிதான் அதன் பெருமை. இரண்டாவது, டீக்கடையும் பேக்கரியும். கர்நாடக எல்லை அருகில் இருப்பதால் ஐயங்கார் பேக்கரி என்ற பலகையைப் பல தெருக்களில் பார்ப்பீர்கள். அங்கெல்லாம் காபி கேட்டால் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூளைப் பாலில் கலக்கி, நுரை வர ஆற்றிக் கொடுப்பார்கள். பன் பட்டர் ஜாமுக்கு அது நல்ல துணை. டிகாஷன் காபி தேடுகிறவர் மட்டும் அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம். மூன்றாவது, கொட்டையை வறுத்து அரைத்து விற்கும் காபித்தூள் கடை. நான்காவது, எஸ்பிரெஸோ இயந்திரம் வைத்த புதிய கஃபே.

இவற்றில் தனிக்கடை எது என்று அறிய மூன்று கேள்விகள் போதும். தூளை யார் தேர்ந்தெடுக்கிறார்? பாலை யார் வாங்குகிறார்? விலையை யார் முடிவு செய்கிறார்? கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே மூன்றுக்கும் பொறுப்பு என்றால் அது தனிக்கடை. எங்கோ ஒரு தலைமை அலுவலகத்திலிருந்து தூள் பொட்டலமும் விலைப்பட்டியலும் வந்து இறங்குகிறதென்றால், காபி நன்றாகவே இருந்தாலும், அது வேறு வகை.

இரண்டாம் படி: நாளைக்கும் வருகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைக் கடைக்கு வருகிறவர் நாளை சேலத்திலோ சென்னையிலோ இருப்பார். காபி மோசமாக இருந்தாலும் திரும்பி வந்து கேட்கப் போவதில்லை. ஊருக்குள் இருக்கும் கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்று காலை டிகாஷன் நீர்த்திருந்தால் நாளை காலை அதே ஆள் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நல்ல காபி உருவாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நெடுஞ்சாலையிலும் நேர்மையான கடைகள் உண்டு. ஆனால் 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் நிலையில், பலகையை நம்பி வண்டியை நிறுத்த முடியாது. பாலின் தரத்தைப் பால்மானியில் பார்த்த வழக்கத்திலிருந்து டிகிரி என்ற பெயர் வந்தது என்பார்கள். இன்று அந்தப் பலகைக்குக் கீழே பால்மானியை நான் பார்த்ததில்லை.

ஆகவே ஐந்து ரோடு ரவுண்டானாவில் நின்றுகொண்டு பளிச்சென்று தெரியும் கடையைத் தேடாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆட்கள் கூடும் இடங்களைத் தேடுங்கள். நீதிமன்றப் பக்கம், வங்கிகள் இருக்கும் தெரு, மார்க்கெட், பஸ் ஊழியர்கள் பணி மாறும் இடம், பள்ளி வாசல். பழையபேட்டையின் குறுகிய தெருக்களில் காலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். கோலம் போட்டு முடிக்கும் நேரத்தில் எந்தக் கடையின் முன்னால் கையில் தூக்குப் பாத்திரத்தோடு ஆட்கள் நிற்கிறார்களோ, அந்தக் கடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடுப்பு இருந்தும் கடையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

ஒரு மாம்பழப் பருவத்தில், மே மாதம், மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"ஐயா, இந்தப் பக்கம் காபி எங்கே நன்றாக இருக்கும்?"

"காபியா, டீயா தம்பி?"

"காபிதான் ஐயா."

"அப்படியானால் இப்போது போகாதீர்கள். நாலரைக்குப் போங்கள். நாலரைக்குத்தான் புது டிகாஷன் இறக்குவார்."

கடை எங்கே என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார். அன்றிலிருந்து இதை ஓர் அளவுகோலாகவே வைத்திருக்கிறேன். இடத்தைக் கேட்டால் நேரத்தையும் சேர்த்துச் சொல்பவருக்குத்தான் காபி தெரியும்.

மூன்றாம் படி: காபித்தூள் கடையிலிருந்து தொடங்குங்கள்

பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மிகவும் பலன் கொடுத்த படி இதுதான். ஊரில் நல்ல காபி கொடுக்கும் ஹோட்டல்களும் கடைகளும் எங்கிருந்தோ தூள் வாங்கியாக வேண்டும். அவற்றில் சில உள்ளூரில் வறுத்து அரைக்கும் கடையில்தான் வாங்கும். வறுக்கும் வாசனையைத் தொடர்ந்து போய் அந்தக் கடையைக் கண்டுபிடியுங்கள். முற்பகலில் கூட்டம் குறைந்த பிறகு போவது நல்லது.

போனதும் நூறு கிராம் வாங்குங்கள். வாங்காமல் கேள்வி கேட்பது முறையாகாது. பிறகு கேளுங்கள்: கொட்டை எந்த ஊர்? எப்போது வறுத்தது? சிக்கரி எவ்வளவு? நான்காவதாக ஒரு கேள்வி: 'நம் ஊரில் எந்தக் கடைக்காரர்கள் உங்களிடம் வாங்குகிறார்கள் அண்ணா?' சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் பெருமையோடு இரண்டு மூன்று பெயர்களைச் சொல்வார்கள். அந்தப் பெயர்கள் கிடைத்துவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

அவர் பேசும் சொற்கள் புரிய வேண்டும் என்றால் கொஞ்சம் தெரிந்துகொண்டு போக வேண்டும். அராபிகா, ரொபஸ்டா என்று காபிக்கொட்டையில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. பிளாண்டேஷன் என்றால் தண்ணீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. பழத்தோடு அப்படியே வெயிலில் காயவைத்துப் பிறகு தோல் நீக்கியது செர்ரி. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு தட்டையான கொட்டைகள் இருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும். அதுதான் பீபரி. அராபிகாவில் மணமும் மெல்லிய புளிப்பும் அதிகம். ரொபஸ்டாவில் கசப்பும் திடமும் அதிகம். காஃபீனும் அராபிகாவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. பால் காபிக்கு இரண்டையும் கலப்பது பழைய வழக்கம். அதை மட்டமாக நினைக்க வேண்டாம். தனி அராபிகாவின் மணம் நிறையப் பால் சேர்த்தால் அமுங்கிவிடும்.

சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்துக் கலப்பார்கள். அதில் காஃபீன் கிடையாது. நிறத்தையும் கெட்டித்தன்மையையும் கொடுக்கும், டிகாஷன் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். காபி-சிக்கரி கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், இரண்டின் அளவையும் உறையில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. 80-க்கு 20 என்ற கலவை தமிழ்நாட்டு நாக்குக்குப் பழகியது. 60-க்கு 40 என்றால் நீங்கள் குடிப்பதில் பாதியை நெருங்கும் அளவுக்கு வேர்தான். விலை மலிவாக இருந்தால் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இந்தப் பகுதிக்குக் கொட்டை வரும் வழியும் அழகானது. வடமேற்கே பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். அங்கிருந்து சிக்மகளூரு, குடகு கொட்டைகள் வரும். நாட்டின் காபியில் ஏறத்தாழ 70 சதவீதம் விளைவது கர்நாடகத்தில்தான். தெற்கே சேலத்துக்கு மேல் சேர்வராயன் மலையில் ஏற்காடு. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே காபியைக் கொண்டுவந்தார். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. தருமபுரி 1965இல் பிரிந்தது. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. ஆக ஏற்காட்டுக் காபி நமக்கு ஒருகாலத்தில் சொந்த மாவட்டக் காபி. தூள் கடையில் 'ஏற்காடு இருக்கிறதா?' என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்னப் பயிற்சி. சிக்கரி இல்லாத தூள் நூறு கிராம், 80-க்கு 20 கலந்தது நூறு கிராம். ஒரு வாரம் காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று ஃபில்டரில் இறக்கிக் குடியுங்கள். அதன் பிறகு எந்தக் கடையில் குடித்தாலும் சிக்கரி எவ்வளவு என்று நாக்கே சொல்லத் தொடங்கும்.

நான்காம் படி: கைப்பேசியை அளவோடு பயன்படுத்துங்கள்

கூகுள் வரைபடத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகத் தேடுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு கடைகள் வரும். நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டாம். திறந்து ஒரு மாதமான கடைக்கு உறவினர்களும் நண்பர்களும்தான் நட்சத்திரம் போட்டிருப்பார்கள். விமர்சனங்களைப் புதியது முதலில் வருமாறு மாற்றி, வாடிக்கையாளர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். டம்ளரின் அடியில் படிந்திருக்கும் தூள், பின்னால் தெரியும் பால் பாக்கெட், சுவரில் விலைப்பட்டியல் எல்லாம் அந்தப் படங்களில் தற்செயலாகப் பதிவாகியிருக்கும். கிளம்பும் முன் நேரத்தைக் கடைக்காரரிடமே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இவ்வளவுதான். மீதி எல்லாம் காலால் நடந்து தெரிந்துகொள்ள வேண்டியவை.

ஐந்தாம் படி: முதல் முறை போகும்போது

காலை ஆறு முதல் ஏழு, மாலை நான்கு முதல் ஐந்து. இந்த இரண்டு வேளைகளிலும் பெரும்பாலான கடைகளில் முதல் டிகாஷன் இறங்கியிருக்கும். பதினொரு மணிக்குப் போனால் காலையில் இறக்கியது மிச்சமிருக்கும், அல்லது அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றிய இரண்டாம் டிகாஷன். அதைக் குடித்துவிட்டு அந்தக் கடையைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

உட்கார்ந்ததும் காபி சொல்லாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். டிகாஷன் பாத்திரம் மூடியிருக்கிறதா? நேரடியாக அடுப்பின் மேல் இருக்கிறதா, வெந்நீருக்குள் வைத்திருக்கிறார்களா? அடுப்பின் மேல் வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் போய்க் கசப்பு மட்டும் நிற்கும். பால் பாத்திரத்தின் ஓரத்தில் பழுப்பு ஏறிய ஆடை ஒட்டியிருந்தால் அந்தப் பால் பலமுறை கொதித்தது.

அடுத்து மற்றவர்கள் கேட்பதைக் கேளுங்கள். 'டிகாஷன் தூக்கலா', 'சர்க்கரை கம்மி', 'சர்க்கரை தனியா' என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், மாஸ்டரும் அதை மறக்காமல் கலக்கிக் கொடுக்கிறார் என்றால் நீங்கள் சரியான கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லாருக்கும் ஒரே கரண்டி, ஒரே அளவு என்றால் வேகம் மட்டுமே அங்கே முக்கியம். எல்லைப் பக்கத்துக்கே உரிய இன்னொரு சொல் காதில் விழும்: 'பை டூ'. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துக் கொடுப்பது. பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக இந்த ஊருக்கு வந்த பழக்கம். புதுக் கடைகளைச் சுற்றிப் பார்க்கும் நாளில் நண்பரோடு போய் பை டூ சொன்னால் வயிறும் தாங்கும், ஒரே மாலையில் மூன்று கடைகளையும் பார்த்துவிடலாம்.

நீங்கள் சொல்ல வேண்டியது: சர்க்கரை இல்லாமல் ஒரு காபி. சர்க்கரையைத் தனியாகக் கேட்டு வாங்கி, முதல் இரண்டு வாய் வெறுமனே குடித்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். மட்டமான தூளும் சுண்டிய பாலும் சர்க்கரைக்குள் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

ஆறாம் படி: தண்ணீரைக் கேளுங்கள், பாலைக் கேளுங்கள்

வேறு ஊர் வழிகாட்டிகளில் இந்தப் படி தேவைப்படாமல் போகலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தேவை. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல கிராமங்களில் பற்களில் கறையும் எலும்புப் பாதிப்பும் தலைமுறைகளாக இருந்த துயரம் இது. அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காபி டம்ளரில் பெரும்பங்கு தண்ணீரும் பாலும்தான் என்பதால், 'என்ன தண்ணீர்?' என்று கேட்பதில் தவறே இல்லை.

ஃபுளோரைடு நாக்குக்குத் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. தினமும் குடிக்கப்போகும் கடை என்றால் உடம்பை நினைத்தே கேட்டுக்கொள்ளுங்கள். சுவையைக் கெடுப்பது ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை. கடின நீரில் காபி மந்தமாக இருக்கும், இயந்திரத்துக்குள் உப்பும் படியும். உப்பு முழுவதும் நீக்கிய கேன் தண்ணீரிலோ காபி சப்பென்று இருக்கும். ஆற்று நீர் வரும் கடையில் அதே தூள் வேறு காபியாக மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பாலில் கேட்க வேண்டியது, பாக்கெட்டா, கறந்து வருவதா என்பது. ஆவின் ஆரஞ்சு உறைப் பாலில் கொழுப்பு 6 சதவீதம். நீல உறையில் 3 சதவீதம். கெட்டியான காபி பிடிக்கும் என்றால் உறையின் நிறத்தைக் கவனித்தாலே போதும். ஊர்ப்புறத்திலிருந்து கறந்த பால் வரும் கடைகளில் பருவத்துக்கு ஏற்பச் சுவை மாறும். எனக்கு அந்த மாற்றமே பிடிக்கும். தினமும் ஒரே மாதிரி வேண்டும் என்பவருக்குப் பாக்கெட் பால் கடைதான் சரி.

ஏழாம் படி: மாஸ்டரிடம் பேசுங்கள்

முதலாளியைவிட மாஸ்டருக்குத்தான் அதிகம் தெரியும். கூட்டம் இல்லாத நேரத்தில், டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது பேசுங்கள். 'நன்றாக இருந்தது' என்று மட்டும் சொன்னால் தலையசைப்போடு முடிந்துவிடும். 'இன்று டிகாஷன் நேற்றைவிடத் திடமாக இருந்ததே அண்ணா, தூள் மாற்றினீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் நாக்கை அவர் மதிக்கத் தொடங்கிவிடுவார். அதன் பிறகு தூள் எங்கே வாங்குகிறார், அவர் யாரிடம் தொழில் கற்றார், ஊரில் வேறு யார் கைப்பக்குவம் நன்றாக இருக்கும் என்று எல்லாம் வரும். போட்டிக் கடை மாஸ்டரைப் பற்றி அவர்கள் மனம் திறந்து புகழ்வதைக் கேட்டு நான் வியந்திருக்கிறேன். இந்த ஊரில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து புழங்கும். உங்களுக்கு இவற்றில் ஒன்று தெரிந்தால் பேச்சு இன்னும் எளிதாகும்.

எட்டாம் படி: புதிய கஃபேக்களை எப்படி எடைபோடுவது

பெங்களூருவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய இளைஞர்கள் புதிய குடியிருப்புச் சாலைகளில் வாடகை வீட்டின் கீழ்த்தளத்தைக் கஃபே ஆக்குகிறார்கள். சுவரில் ஓவியம், மஞ்சள் விளக்கு, மர நாற்காலி. இவற்றைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம். விலைப்பட்டியலைப் பாருங்கள். எண்பது வகைப் பானம், பர்கர், மோமோ, நூடுல்ஸ் எல்லாம் இருந்து காபிக்கு நான்கே வரி என்றால் அங்கே காபி முக்கியமான பொருள் அல்ல. எட்டுப் பத்து வகைக் காபி, கொட்டை எந்தத் தோட்டம் என்ற குறிப்பு, விற்பனைக்கு வைத்த பொட்டலத்தில் வறுத்த தேதி, இவை இருந்தால் உட்காருங்கள்.

முதலில் எஸ்பிரெஸோ அல்லது பால் இல்லாத காபி ஒன்று சொல்லுங்கள். கேட்ட பிறகுதான் கொட்டையை அரைக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அரைத்த தூளின் மணம் நிமிடக் கணக்கில் குறையும். எஸ்பிரெஸோவுக்கு வழக்கமான அளவு, 18 கிராம் தூளுக்கு ஏறத்தாழ 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள். பத்தே விநாடியில் வழிந்து வந்தால் புளித்து நீர்த்திருக்கும். வறுத்து ஒரு வாரம் முதல் ஒரு மாதத்துக்குள் உள்ள கொட்டை நல்லது. அதைத் தாண்டியிருந்தால் காரணம் கேளுங்கள். கூட்டம் இன்னும் சேராத புதுக் கடையில் கொட்டை மெதுவாகத்தான் தீரும். அப்படிப்பட்ட கடைக்கு நாலு பேரை அழைத்துக்கொண்டு போவதே தீர்வு.

இந்தக் கஃபேக்கள் மேல் எனக்கு அக்கறை வருவதற்குக் காபிக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. நம் சிறு நகரங்களின் டீக்கடை பெஞ்சுகள் ஆண்களுக்கானவையாகவே இருந்துவிட்டன. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவி, கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வரும் பெண், வார்டுப் பணி முடித்த செவிலியர் ஆகியோர் தனியாக உட்கார்ந்து ஒரு காபி குடிக்க ஊரில் எத்தனை இடம் இருக்கிறது? என் தங்கை முதல்முறை இங்கே வந்தபோது என்னிடம் இதைத்தான் கேட்டாள். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்கிறேன். தனியாக வந்த பெண்கள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, மாலையில் வெளியே வெளிச்சம் இருக்கிறதா, ஒரே காபியோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் முறைக்காமல் இருக்கிறார்களா. காபி நன்றாக இருந்து இவை இல்லையென்றால், அந்தக் கடை ஊரில் பாதிப் பேருக்குத் திறக்கவே இல்லை என்றுதான் எழுதி வைப்பேன்.

ஒன்பதாம் படி: மூன்று முறை போங்கள்

ஒருமுறை காலையில், ஒருமுறை மாலையில், ஒருமுறை வழக்கமான மாஸ்டர் விடுப்பில் இருக்கும் நாளில். மூன்றாவது முறைதான் கடையைக் காட்டிக்கொடுக்கும். ஆள் மாறியும் காபி மாறவில்லை என்றால் முதலாளி தூளிலும் அளவிலும் கண் வைத்திருக்கிறார். விலையை மூன்று நாளும் குறித்துக்கொள்ளுங்கள். காபிக்கொட்டை விலை ஏறும்போது சில கடைகள் விலையை உயர்த்தும், சில கடைகள் டம்ளரைச் சிறிதாக்கும், சில கடைகள் சிக்கரியைக் கூட்டும். விலையை உயர்த்தும் கடையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பத்தாம் படி: பக்கத்து ஊர்களுக்கும் போங்கள்

ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். 2019இல் மாநகராட்சியான ஊர்; அங்கிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். ஆலைகளுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதிகம் என்பதால் புதிய வகைக் கஃபேக்களை முதலில் அங்கே தேடலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போனால் எதுவும் புரியாது. வார நாளில் ஷிப்ட் முடியும் நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்.

தருமபுரி தெற்கே அதே தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு ரோட்டில் இறங்கி, டிபன் ஹோட்டல்களில் தொடங்குங்கள். அங்கே கிருஷ்ணகிரியைவிடக் கடந்து போகிறவர்கள் குறைவு, ஊர்க்காரர்கள் அதிகம் என்பது என் கணிப்பு. அதனால் காலைக் காபிக்குத் தருமபுரியை ஒரு படி மேலே வைப்பேன். திரும்பும் வழியில் காவேரிப்பட்டணத்தில் நிப்பட் வாங்கிக்கொள்ளுங்கள். கடலையும் மிளகாயும் சேர்த்துத் தட்டிப் பொரித்த அந்த மொறுமொறு வட்டம், சர்க்கரை குறைந்த காபிக்கு நான் அறிந்த மிகச் சிறந்த துணை.

ஒருநாள் முழுவதும் கிடைத்தால் தருமபுரி, சேலம் வழியாக ஏற்காடு ஏறுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரிவரை போனால் சிவந்த பழம் பறிப்பதைப் பார்க்கலாம். கோடையின் முதல் மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் போனால் தோட்டம் முழுவதும் வெள்ளைப் பூ. மணம் மல்லிகையை நினைவூட்டும். அங்கே வாங்கிய பச்சைக் கொட்டையை நம் ஊர்த் தூள் கடையில் கொடுத்து வறுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். கூட்டமில்லாத நாளில் மறுக்க மாட்டார்கள்.

பதினொன்றாம் படி: குறித்து வையுங்கள், சொல்லிக் கொடுங்கள்

நினைவை நம்பாதீர்கள். சின்ன நோட்டுப் புத்தகம் போதும். பெயரில்லாத கடைகளுக்கு அடையாளம் எழுதும்போது பக்கத்துக் கடையின் பெயரை எழுதாதீர்கள், அதுவும் மாறிவிடும். மரம், கோயில், தண்ணீர்த் தொட்டி, தெரு திரும்பும் மூலை என்று எழுதுங்கள். பிடித்த கடையைப் பற்றி வரைபடத்தில் எழுதும்போது 'அருமை' என்று நிறுத்தாமல், எந்த நேரத்தில் போனால் புது டிகாஷன் கிடைக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

என் நோட்டிலிருந்து போன வாரக் குறிப்பு ஒன்றை மாதிரிக்குத் தருகிறேன்:

பழையபேட்டை. வேப்பமரத்து மூலையிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது கடை, பலகை இல்லை. காலை 6.10. தூக்குப் பாத்திரத்தோடு ஐந்து பேர். டிகாஷன் மூடி வைத்திருந்தார், வெந்நீருக்குள். ஒகேனக்கல் தண்ணீர். கறந்த பால், சற்று நீர்த்திருந்தது. மழைக்காலப் பசும்புல் காரணம் என்றார் மாஸ்டர். சர்க்கரை தனியாகக் கேட்டதற்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெஞ்சில் பூக்கட்டும் அம்மா ஒருவர், தினமும் வருகிறவர் போல. சிக்கரி பதினைந்து சதவீதம் இருக்கலாம். நாளை கேட்க வேண்டும்.